குரோம் சில்லில் கறள் பிடிக்காமல் இருக்க

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் அடிக்கடி ஓடுகிற மோட்டார் சைக்கிளின் குரோம் றிம்மை உப்புக்காற்று சும்மா விடாது. குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு; உப்பீரம் அதற்குள்ளால் இறங்கி அடியிலுள்ள இரும்பைத் தின்னும். கழுவ நல்ல தண்ணீர்தான் வேண்டும், உவர்க்கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். சில்லு ஆறிய பிறகு மென்மையான சவர்க்காரம் போதும். கம்பிகள் றிம்மோடு சேரும் இடத்தில்தான் முதலில் கறள் பிடிக்கும். அங்கே பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். லேசான கறளென்றால் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். இரும்பு நார் மட்டும் வேண்டவே வேண்டாம், கீறிவிடும். நன்றாகத் துடைத்து உலர்த்தி, கார் மெழுகு மெல்லியதாகப் பூசுங்கள். பிரேக்கிலும் டயரிலும் அது படக்கூடாது, சரியா?