பிங் ஓடுகிறது, கோப்பு நகரவில்லை

பழைய சர்வர் ஒன்றுக்குப் பெரிய கோப்புகளை அனுப்பினால் வேகம் படுத்துவிடும். பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) மட்டும் ஒரு பாக்கெட்டையும் இழக்காமல் ஓடியது. கேபிளை மாற்றியும் பயனில்லை. இந்த முரண்பாடுதான் நல்ல தடயம்: இரு முனைகளும் ஒரே நேரத்தில் அனுப்பும்போது மட்டுமே தலைகாட்டும் கோளாறு அது.

சர்வர் இணைந்திருந்த சுவிட்ச் போர்ட்டில் 'லேட் கொலிஷன்' (தாமதமாகத் தெரியும் மோதல்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. சர்வர் பக்கம் சிஆர்சி பிழைகள், அதாவது சிதைந்து வந்த ஃபிரேம்கள் (தரவுத் துண்டுகள்). ஹாஃப் டூப்ளெக்ஸில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு முனை மட்டும் அனுப்பும் முறையில், மோதல் இயல்பானது, அதைக் கண்டு யாரும் பதற வேண்டாம். ஃபிரேமின் முதல் 64 பைட்டுகளுக்குள் மோதல் தெரிந்துவிடும். நெட்வொர்க் கார்டு நிறுத்தி, தற்செயலான இடைவெளி விட்டு மீண்டும் அனுப்பும். 16 முறை முயன்றும் முடியாவிட்டால்தான் கைவிடும். அந்த 64 பைட் எல்லையைத் தாண்டி வரும் லேட் கொலிஷன் வேறு வகை. பெரும்பாலும் அந்த ஃபிரேம் தொலைந்துபோகும். தரவு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் டிசிபி நெறிமுறை காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். வேகம் அங்கேதான் கரைகிறது.

சர்வர் கார்டில் 100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு முனைகளும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) என்று யாரோ நிலையாக அமைத்திருந்தார்கள். சுவிட்ச் ஆட்டோவில் இருந்தது, அதாவது எதிர்முனையுடன் பேசி அமைப்பைத் தானே முடிவு செய்யும் நிலையில். எதிர்முனை பதில் சொல்லாததால் சுவிட்ச் சிக்னலைக் கொண்டு வேகத்தை மட்டும் கண்டுபிடித்தது. டூப்ளெக்ஸை அறிய வழியில்லாமல், தரநிலை சொல்கிறபடி ஹாஃபுக்கு இறங்கியது. ஃபுல் முனைக்கு மோதல் என்பதே கிடையாது. கம்பியில் என்ன வந்தாலும் அது அனுப்பிக்கொண்டே இருக்கும். ஹாஃப் முனை அதை மோதலாக எண்ணிப் பாதியில் நிறுத்திய ஃபிரேம்கள்தான் மறுபக்கம் சிஆர்சி பிழைகளாகப் பதிவாயின.

கார்டையும் ஆட்டோவுக்கு மாற்றினேன். ஒரு முனையை மட்டும் நிலையாக அமைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அமைத்தால் இரண்டையும் அமையுங்கள். பிறகு எண்ணிகளை அழித்துவிட்டு அதே கோப்புகளை அனுப்பினேன். இரு பக்கமும் பூஜ்யம்.