பாடசாலைக் கூடைப்பந்தாட்டத்தில் ரெஃபரியாகத் தொடங்குவோருக்கு

ரெஃபரி வேலையில் விசில் கடைசியாக வருவது. முதலில் கால், பிறகு கண், அதற்குப் பிறகுதான் விசில். கொழும்பில் பாடசாலை ஆட்டங்களுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முன்னாள் வீரர்கள். அவர்களுக்கு விதிகள் ஓரளவு தெரியும். ஆனாலும் முதல் சில ஆட்டங்களில் தடுமாறுவார்கள். காரணம் விதி மறந்துபோவது அல்ல. நிற்கக் கூடாத இடத்தில் நின்று, பார்க்க முடியாததைப் பார்த்ததாக நினைத்து ஊதுவதுதான்.

தொடங்குவதற்கு நல்ல இடம் கோர்ட் அல்ல, மேசை. ஸ்கோர் ஷீட் எழுதுபவர், அவருடைய உதவியாளர், ஆட்ட மணிக்கூட்டைப் பிடிப்பவர், 24 செக்கன் மணிக்கூட்டை (பந்து கிடைத்த அணி கூடைக்கு எறிய உள்ள நேரத்தை) பிடிப்பவர் என நான்கு வேலைகள் அங்கே உண்டு. பாடசாலை ஆட்டங்களில் மேசைக்கு ஆள் எப்போதும் குறைவு. கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஸ்கோர் ஷீட்டில் முதலாம், மூன்றாம் கால்பகுதிகளைச் சிவப்புப் பேனையாலும், இரண்டாம், நான்காம் கால்பகுதிகளை நீலம் அல்லது கறுப்பாலும் எழுதவேண்டும். மூன்று புள்ளி எடுத்த வீரரின் இலக்கத்தைச் சுற்றி வட்டம் போடவேண்டும். ஐந்தாறு ஆட்டங்கள் இப்படி எழுதினால், ரெஃபரியிடமிருந்து மேசைக்கு என்ன தகவல் எந்த ஒழுங்கில் தேவை என்பது பழகிவிடும். அதைப் பழகாமல் கோர்ட்டில் இறங்கியவரின் பவுல் அறிவிப்பைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம்.

உரிமம் பெற்று முறையாக வளர விரும்பினால் இலங்கை கூடைப்பந்தாட்ட சம்மேளனம் நடத்தும் ரெஃபரி வகுப்பு, பரீட்சை பற்றி விசாரியுங்கள். உங்கள் பழைய பாடசாலையின் கோச்சுக்கோ, ஏற்கனவே ஊதிக்கொண்டிருக்கும் ஒருவருக்கோ அடுத்த வகுப்பு எப்போது என்று தெரிந்திருக்கும். அதுவரை காத்திருக்காமல், பாடசாலை மாலைப் பயிற்சியில் நடக்கும் உள்ளக ஆட்டங்களை ஊதத் தொடங்கலாம்.

விதிப்புத்தகம் ஃபிபாவினுடையது, அதாவது சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தினுடையது. அதன் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கூடவே வரும் விளக்கக் கையேட்டையும் எடுத்துவையுங்கள். “இப்படி நடந்தால் என்ன தீர்ப்பு” என்ற உதாரணங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. யூடியூபில் கிடைக்கும் நடுவர் பயிற்சிக் காணொளிகளில் பல அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை விதிகளையும் சைகைகளையும் கற்றுத்தருபவை. அவற்றில் நிற்கும் முறையையும் ஓடும் முறையையும் பாருங்கள். சைகைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டமான என்பிஏ பார்த்து வளர்ந்த கண்ணுக்குச் சில இடங்களில் மாற்றம் தேவை. ஃபிபாவில் கால்பகுதி 10 நிமிடம், ஐந்தாவது பவுலுடன் வீரர் வெளியே. வளையத்துக்கு முன்னாலுள்ள கீ எனும் பகுதியில் மூன்று செக்கனுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி தடுப்பவருக்குக் கிடையாது. பந்து வளையத்தைத் தொட்ட பிறகு, உள்ளே விழ வாய்ப்பிருந்தாலும், வளையத்துக்கு மேலே நிற்கும் பந்தைத் தட்டலாம். டைம் அவுட்டை வீரர் கேட்க முடியாது. கோச் அல்லது உதவிக் கோச் மேசையிடம் கேட்கவேண்டும். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு “சேர், டைம் அவுட்!” என்று பிள்ளை கத்துவது அடிக்கடி நடக்கும். அதற்கு ஊதிவிட்டால் ஆட்டம் காரணமில்லாமல் நின்றுபோகும்.

போட்டிக்கென்று தனி ஒழுங்குவிதி இருக்கும். வயதுப் பிரிவைப் பொறுத்துக் கால்பகுதியின் நீளம், மணிக்கூடு நிற்காமல் ஓடுமா, 24 செக்கன் உண்டா, பந்து எந்த அளவு என்பவை மாறலாம். ஆண்களுக்கு 7ஆம் இலக்கப் பந்து, பெண்களுக்கு 6, சின்னப் பிள்ளைகளின் மினி ஆட்டத்துக்கு 5. முதல் நாள் இரவே அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

உடை: ரெஃபரி சேர்ட், கறுப்பு நீளக் காற்சட்டை, கறுப்புக் காலுறை, கறுப்புக் கூடைப்பந்துச் சப்பாத்து. விசில் உள்ளே மணி இல்லாத வகையாக இருக்கவேண்டும், ஃபொக்ஸ் 40 போல. மணி உள்ள விசில் வியர்வையும் எச்சிலும் பட்டு நடு ஆட்டத்தில் அடைத்துக்கொள்ளும். இரண்டு விசில் கொண்டுபோங்கள். கொழும்பு வெயிலில் ஒரு நாளில் இரண்டு ஆட்டம் என்றால் இரண்டாவது சேர்ட்டும், ஒன்றரை லீற்றர் தண்ணீரும் வேண்டும். வியர்வையில் நனைந்த சேர்ட்டோடு இரண்டாம் ஆட்டத்துக்குப் போனால் கவனம் முதல் பாதியிலேயே தளர்ந்துவிடும்.

உங்கள் அதிகாரம் ஆட்டத்துக்கு 20 நிமிடம் முன்பே தொடங்குகிறது. அந்த நேரத்தில் கோர்ட்டை ஒருமுறை நடந்து பாருங்கள். சீமெந்துத் தரையில் மணல், வெடிப்பு, முந்திய மழையின் ஈரம், கம்பத்தின் அடியில் மூடப்படாத இரும்பு, பேஸ்லைனுக்கு (வளையத்துக்குப் பின்னாலுள்ள கோட்டுக்கு) ஒட்டினாற்போல வைத்த வாங்கு அல்லது பை, எல்லாமே காயம் உண்டாக்கும். பிறகு பிள்ளைகள். தோடு, மோதிரம், சங்கிலி, மணிக்கூடு கழற்றவேண்டும். நகத்தை வெட்டச் சொல்லுங்கள். பையில் ஒரு நகவெட்டி இருப்பது நல்லது. கையில் கோவில் நூலோ பௌத்தர்கள் கட்டும் பிரித் நூலோ இருந்தால் அதை அறுக்கச் சொல்லாதீர்கள். மணிக்கட்டுப் பட்டைக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டால் போதும் என்பது எங்கள் கருத்து. தலைமறைப்பு அணிந்து வரும் மாணவிகளை நிறுத்திவைக்க உங்களுக்கு உரிமை இல்லை. 2017 ஒக்டோபர் முதல் ஃபிபா அதை அனுமதிக்கிறது. முகத்தை மூடாததாக, ஊசி, பொத்தான் எதுவும் இல்லாததாக, அணி முழுவதும் ஒரே நிறமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி நிற்கும் இடம். பாடசாலை ஆட்டங்களில் பெரும்பாலும் இரண்டு ரெஃபரிகள். பந்துக்கு முன்னால் ஓடிப்போய் பேஸ்லைனில் நிற்பவர் லீட். பந்துக்குப் பின்னால் வருபவர் ட்ரெயில். ட்ரெயில், தாக்கும் பக்கம் பார்த்து நின்றால், இடப்பக்க சைட்லைனோடு வருவார். லீட் அதற்கு எதிர்ப் பக்கம். இப்படி மூலைவிட்டமாக நிற்கும்போது பத்து வீரர்களும் இருவருக்கும் நடுவில் இருப்பார்கள். பந்து கைமாறியதும் ட்ரெயில் புதிய லீட் ஆகி முன்னால் ஓடுவார், லீட் புதிய ட்ரெயில் ஆவார். இந்த மாற்றத்தில்தான் புதியவர்கள் அதிகம் பிந்துகிறார்கள். பந்து கூடைக்குள் போகிறதா என்று ரசித்துக்கொண்டு நின்ற இரண்டு செக்கனில், மற்றப் பக்கம் லேஅப் (ஓடிவந்து கூடைக்கு அருகே எறிவது) முடிந்துவிடும்.

ட்ரெயிலின் பொறுப்புகள் பல: தன் பக்க சைட்லைன், நடுக்கோடு, 8 செக்கன் (பந்தை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோக உள்ள நேரம்), த்ரீ பொயின்ட் கோட்டில் கால் பட்டதா, எறிந்த பந்தின் பறப்பு, கால்பகுதி முடியும்போது பந்து கையைவிட்டுப் போனதா. லீட் பேஸ்லைனையும் தன் இடப்பக்க சைட்லைனையும், வளையத்துக்குக் கீழே நடக்கும் தள்ளுமுள்ளையும் பார்க்கிறார். லீட் பந்தைப் பார்க்கக் கூடாது என்று சொன்னால் புதியவர்களுக்குத் திகைப்பாக இருக்கும். பந்து வளையத்திலிருந்து தூரத்தில் இருக்கும்போது ட்ரெயில் அதைப் பார்க்கிறார். இருவரும் பந்தையே பார்த்தால், கீயில் ஒரு பிள்ளையின் வயிற்றில் முழங்கை படுவதை யார் பார்ப்பது?

எங்கே நின்றாலும் தேடவேண்டியது ஒன்று: தாக்குபவருக்கும் தடுப்பவருக்கும் இடையே உள்ள இடைவெளி. ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நின்றால் அந்த இடைவெளி மறைந்துவிடும். கை பட்டதா, பந்தில் பட்டதா என்று தெரியாது. அப்போது ஊகித்துத்தான் ஊத வரும். ஓர் அடி பக்கமாக நகர்ந்தால் இடைவெளி திறக்கும். தெரியவில்லையென்றால் ஊதாதீர்கள், அடுத்த முறைக்குள் நகருங்கள்.

பவுலைத் தீர்மானிக்கக் கண் தடுப்பவர் மேல் இருக்கட்டும். அவர் எதிராளியை நோக்கி, இரண்டு காலும் தரையில் பட, முதலில் அந்த இடத்தைப் பிடித்தாரா? அதற்குப் பிறகு பின்னாலும் பக்கத்திலும் நகர அவருக்கு உரிமை உண்டு, நேர்மேலே குதிக்கவும் உரிமை உண்டு. அவருடைய மார்பில் வந்து மோதினால் பவுல் தாக்குபவருடையது. “நகர்ந்துகொண்டிருந்தார், ஆகவே தடுப்பவரின் பவுல்” என்பது கொழும்பு அரங்குகளில் பெற்றோர் கூவும் பழைய பிழை. மாறாக, தாக்குபவர் காற்றில் எழும்பிய பிறகு அவர் இறங்கும் இடத்தில் போய் நின்றால் அது தடுப்பவரின் பவுல்தான். இறங்கும் காலுக்குக் கீழே கால் வைப்பது கணுக்காலை முறிக்கும், அதை ஒருபோதும் விடக் கூடாது. வளையத்துக்குக் கீழே 1.25 மீற்றர் அரைவட்டத்துக்குள் தடுப்பவர் நின்றால், காற்றில் எழும்பி வருபவர்மேல் மோதல் பவுல் பொதுவாகக் கொடுக்கப்படாது. சில பழைய பாடசாலைக் கோர்ட்டுகளில் அந்த அரைவட்டம் தீட்டப்பட்டிருக்காது. ஆட்டத்துக்கு முன் இரு கோச்மாரிடமும் அதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

லேசான தொடுகை எல்லாம் பவுல் அல்ல. பந்தோடு ஓடுபவரின் வேகத்தையோ சமநிலையையோ அது குலைத்ததா என்பதே கேள்வி. ஊத முன் அரைச் செக்கன் பொறுத்து விளைவைப் பாருங்கள். ஆனால் கை இடுப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே ஊதுங்கள். முதல் கால்பகுதியில் விட்டதை நான்காம் கால்பகுதியில் ஊதினால் பிள்ளைகளுக்கு நியாயமாகத் தெரியாது, அவர்கள் சொல்வது சரியும்கூட.

ட்ரவலிங், அதாவது பந்தைப் பிடித்தபடி விதியை மீறிக் கால் நகர்த்துவது, சின்ன வயதுப் பிரிவுகளில் அதிகம். பந்தைப் பார்ப்பவருக்கு அது தெரியாது. நின்ற இடத்திலிருந்து பந்தைத் தட்டத் தொடங்கும்போது, ஊன்றிய கால் தரையைவிட்டு எழுமுன் பந்து கையைவிட்டுப் போயிருக்கவேண்டும். பிள்ளைகள் செய்யும் பிழையில் பெரும்பகுதி இதுதான். ஓடிக்கொண்டே பந்தைப் பிடித்தவருக்கு, பிடிக்கும் நேரம் தரையில் இருந்த கால் கணக்கில் சேராது, அதற்குப் பிறகு இரண்டு அடி உண்டு. லேஅப்பில் மூன்று அடி போல் தெரிவது பலவேளை சரியான லேஅப்தான். 13 வயதுக்குட்பட்டோரில் ஒவ்வொரு சிறு கால் நகர்வுக்கும் ஊதினால் ஆட்டமே நடக்காது. அந்த நகர்வால் ஒரு பக்கத்துக்கு ஆதாயம் கிடைத்ததா என்று பாருங்கள்.

ஊதுவது ஒரே ஒரு முறை, குறுகலாக, பலமாக. கூடவே கை மேலே: பவுல் என்றால் மூடிய முட்டி, வேறு மீறல் என்றால் விரல் சேர்த்துத் திறந்த கை. பவுல் என்றால் பிறகு மேசை தெளிவாகத் தெரியும் இடத்துக்கு வந்து நின்று, இலக்கம், பவுலின் வகை, ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு) எத்தனை அல்லது பந்து எந்தப் பக்கம் என்ற ஒழுங்கில் காட்டுங்கள். ஓடிக்கொண்டே காட்டினால் ஸ்கோர் எழுதுபவர் பிழையான இலக்கத்தை எழுதுவார், அது தெரியவருவது ஐந்தாவது பவுலில். 16க்கும் அதற்கு மேற்பட்ட இலக்கத்துக்கும் பத்தின் இலக்கத்தைப் புறங்கை மேசையைப் பார்க்கக் காட்டி, பிறகு உள்ளங்கையால் ஒன்றின் இலக்கத்தைக் காட்டவேண்டும். 24 என்றால் புறங்கையில் இரண்டு, உள்ளங்கையில் நான்கு. கண்ணாடி முன் பத்து நாள் பழகுங்கள். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒன்றாகக் கேட்கும் கொழும்புக் கோர்ட்டில், எல்லோருக்கும் ஒரே மொழி உங்கள் கைதான்.

ஓர் அணிக்கு ஒரு கால்பகுதியில் நான்கு பவுல் முடிந்தால், அதன் பிறகு அந்த அணி தடுக்கும்போது, கூடைக்கு எறியாத வீரர்மேல் செய்யும் ஒவ்வொரு பவுலுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. மேசை அதைச் சிவப்பு அடையாளத்தால் காட்டவேண்டும். காட்டாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கோச் கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில்: “கை இடுப்பில் இருந்தது, கோச்.” விவாதம் வேண்டாம். கேள்வி கத்தலாகும்போது அமைதியாக ஒருமுறை எச்சரியுங்கள், அதற்குப் பிறகும் தொடர்ந்தால் டெக்னிக்கல் பவுல் (நடத்தைக்கான பவுல்), ஒரு ஃப்ரீ த்ரோ. பிள்ளைகளிடம் இந்தக் கண்டிப்பை வேறுவிதமாகக் காட்டவேண்டும். “தம்பி, கையை எடுங்கோ”, “தங்கச்சி, மூன்று செக்கன், வெளியே வாங்கோ” என்று முன்கூட்டியே சொன்னால் பாதி விசில் மிச்சம். ஆனால் தோளில் தட்டுவதோ கையைப் பிடித்து இழுப்பதோ கூடாது. உடை மாற்றும் அறைக்குள் தனியாகப் போகாதீர்கள். ஆட்டம் முடிந்தபின் வீரர்களுக்குத் தனிப்பட்ட செய்தி அனுப்பாதீர்கள்.

இரத்தம் கண்டால் உடனே நிறுத்தி, அந்தப் பிள்ளையை வெளியே அனுப்புங்கள், காயம் மூடியபிறகே திரும்ப வரலாம். ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் பின்னேரம் இடியோடு மழை வரும். திறந்த கோர்ட்டில் இடி கேட்டதும் எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். மழை விட்டதும் கோர்ட்டைத் துடைக்க விரும்பும் கோச்மார் இருப்பார்கள். துடைத்த இடத்தில் நீங்களே வேகமாக ஓடி, சடாரென்று நின்று பாருங்கள். உங்கள் சப்பாத்து வழுக்கினால் ஆட்டம் இல்லை. இறுதியாட்டமாக இருந்தாலும் அதுதான் தீர்ப்பு.

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டை வரிவரியாகப் பாருங்கள். கால்பகுதிப் புள்ளிகளின் கூட்டுத்தொகை, பவுல்கள், டைம் அவுட்டுகள், மேசையில் இருந்தவர்களின் கையொப்பங்கள் எல்லாம் சரியா என்று பார்த்து, கடைசியாக நீங்கள் கையொப்பமிடுங்கள். இரு அணிகளில் ஒன்று முறைப்பாடு செய்ய விரும்பினால், அதன் கப்டன் ஸ்கோர் ஷீட்டில் அதற்கென்று உள்ள இடத்தில் கையொப்பமிடவேண்டும். பிறகு துணை ரெஃபரியோடு பத்து நிமிடம் உட்காருங்கள். எந்த விசிலுக்கு எங்கே நின்றிருந்தோம் என்று இரண்டு மூன்று தருணங்களைக் கொப்பியில் வரைந்து வையுங்கள். தீர்ப்பு சரியா பிழையா என்று அப்போது எழுதவேண்டாம். கால் எங்கே இருந்தது என்று மட்டும் எழுதுங்கள்.