எம்.ஆர்க். ஸ்டூடியோவில் ஒரு வடிவமைப்பை வளர்ப்பது எப்படி: குமரி மாவட்ட மாணவர்களுக்கு

ஐந்தாண்டு பி.ஆர்க். (இளநிலைக் கட்டடக்கலை) படிப்பின் ஸ்டூடியோவில், அதாவது வடிவமைப்பு வகுப்பில், பள்ளி, மருத்துவமனை என்று தலைப்பை ஆசிரியர் தருவார். எத்தனை அறைகள், எவ்வளவு பரப்பு என்ற பட்டியலும் பெரும்பாலும் அவரிடமிருந்தே வரும். இரண்டாண்டு எம்.ஆர்க். (முதுநிலை) படிப்பில் அந்தப் பட்டியலை நாமேதான் உருவாக்க வேண்டும். அதற்கும் முன்பாக, இந்தக் கட்டடத்தின் வழியாக எதைக் கண்டறியப் போகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து திருவனந்தபுரத்துக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ படிக்கச் செல்கிறவர்கள் அந்தக் கேள்வியைச் சொந்த மண்ணிலேயே தேடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் உண்டு. ஆனால் மேற்கே விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில் பெய்யும் அளவுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய கிழக்குப் பகுதியில் பெய்வதில்லை. முப்பந்தல் காற்றாலைகள் காட்டுவதுபோல அங்கே காற்றுதான் பெரிது. ஆகவே, சமுதாயக்கூடம் ஒன்றை வடிவமைக்கப் போகிறேன் என்று தொடங்காமல், சாரல் உள்ளே அடிக்காமலும் காற்று தடைபடாமலும் ஒரு பெரிய கூடத்தின் மேற்குச் சுவரை எப்படி அமைப்பது என்று தொடங்குங்கள். முதலாவது வெறும் தலைப்பு. இரண்டாவதை வரைந்தும் மாடல் செய்தும் சோதித்துப் பார்க்க முடியும்.

கேள்வி அமைந்ததும் உடனே பிளானுக்கு, அதாவது மேலிருந்து பார்ப்பதுபோல் வரையும் தள வரைபடத்துக்கு, போய்விட வேண்டாம். மழையும் வெயிலும் காற்றும் கட்டடத்தைச் சந்திக்கும் இடம், கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிப் பார்ப்பதுபோல் வரையும் செக்‌ஷனில்தான் தெரியும். தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை இதற்கு நல்ல பாடசாலை. 1956-இல் இப்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அதைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரித்து வருகிறது. அளவெடுக்க விரும்பினால் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். கூரை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, இறவாணம் (கூரையின் விளிம்பு) எவ்வளவு தாழ்ந்து வருகிறது, சாய்வான மரச்சட்டங்களின் இடைவெளி என்ன, தரையில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பவற்றைக் குறித்துக்கொண்டு, 1:20 அளவில் வரையுங்கள். இந்த அளவுகளுக்கு இடையிலான உறவுதான் உங்களுக்கு வேண்டும். கூரை ஓடுகளையும் மரத்தூண்களையும் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து பாரம்பரியம் என்று பெயரிடுவது வடிவமைப்பாகாது. ஆனாலும் ஸ்டூடியோக்களில் இது அடிக்கடி நடக்கிறது.

வடக்குச் சுவரில் வெயில் படாது என்று பல மாணவர்கள் நம்புகிறார்கள். நாகர்கோவில் ஏறத்தாழ 8 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து சுமார் 15 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். இதைச் சோதிக்க, மாதமும் மணியும் கோடுகளாகக் குறித்த, நம் அட்சரேகைக்கான சூரியக் கடிகாரத் தாளை ஒரு சிறு குச்சியோடு அட்டை மாடலின் தளத்தில், வடக்குத் திசை பொருந்த ஒட்டி, வெயிலில் எடுத்துப் பிடியுங்கள். குச்சியின் நிழல்நுனி வேண்டிய மாதத்தையும் மணியையும் தொடும்வரை மாடலைச் சாய்த்தால், அந்த நேரத்து நிழல் மாடலின் மேல் அப்படியே விழும். கணினி மென்பொருளும் இதைச் செய்யும் என்றாலும், கையில் பிடித்துப் பார்த்த நிழல் மனத்தில் ஆழமாகத் தங்குகிறது.

மனை கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால் அமைந்தால் கேரளத்தின் 2019 கட்டட விதிகளையும், இப்பால் அமைந்தால் தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளையும் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் உங்கள் வேலையைப் பார்வையிடும் வாராந்தர ஆய்வுக்கு ஒரே வரைபடத்தோடு போகாதீர்கள். ஒரே கேள்விக்கு இரண்டு விடைகளை அருகருகே வைத்தால், பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்ற பேச்சு குறைந்து, எது ஏன் மேலானது என்ற விவாதம் பிறக்கும். கைவிட்ட விடையைக் கிழித்துவிடாமல், தேதியிட்டு, கைவிட்ட காரணத்தை ஓரத்தில் எழுதி வையுங்கள். ஜூரி (மதிப்பீட்டுக் குழு) நாளில் கேள்வியை முதல் தாளிலும் பெரிய செக்‌ஷனை நடுவிலும் பொருத்தி, கைவிட்டவற்றையும் சிறிய அளவில் அருகே காட்டுங்கள். தீசிஸின் (ஆய்வேட்டின்) ஆய்வுமுறை அத்தியாயத்துக்கு வேண்டிய பாதிச் செய்திகள் அந்த ஓரக் குறிப்புகளிலேயே இருக்கும்.