பிடி-1 எஃப்சி குப்பியைத் திறந்து எலைசா வரை கொண்டுபோவது எப்படி (பிளேட்டின் எல்லா வெல்லும், அதாவது குழியும், நீலமானால் இதைப் படியுங்கள்)

ரீகாம்பினன்ட் (ஆய்வகத்தில் செல்களைக் கொண்டு செய்த) மனித பிடி-1 எஃப்சி புரதம், 100 மைக்ரோகிராம், உறைய வைத்து உலர்த்திய பொடியாக முதல்முறை உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிடி-1 என்றால் டி செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி, 1992-ல் கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகம் கண்டுபிடித்தது, 2018 நோபல் பரிசுவரை போனது. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். நாம் செய்யப்போவது, இதைப் பிளேட்டில் பூசி, இதன் ஜோடிப் புரதமான பிடி-எல்1 வந்து ஒட்டுகிறதா என்று எலைசாவில் (நிறம் மாறுவதை வைத்துப் புரதத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை) பார்ப்பது. பிப்பெட் பிடிக்கவும் எலைசா பிளேட் கழுவவும் தெரியும் என்றும் எடுத்துக்கொள்கிறேன்.

குப்பியில் இருப்பது முழு ஏற்பி அல்ல. செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் (25-ஆம் அமினோ அமிலத்திலிருந்து 167 வரை) வெட்டி, அதன் வாலில் மனித ஐஜிஜி1 ஆன்டிபாடியின் எஃப்சி துண்டை (அதன் அடிப்பகுதியை) ஒட்டி, பெரும்பாலும் ஹெச்இகே293 என்ற மனித செல்களில் செய்திருப்பார்கள். எஃப்சி இரண்டிரண்டாகச் சேரும் என்பதால் பிடி-1-உம் ஜோடியாகவே நிற்கும். இந்த வாலை மறந்துவிடாதீர்கள், என்னைக் கவிழ்த்தது அதுதான்.

குப்பியை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். அறை வெப்பநிலைக்கு வரட்டும், அப்புறம் மைக்ரோஃபியூஜில் அரை நிமிடம் சுற்றுங்கள். பொடி மூடியில் ஒட்டியிருக்கும், திறந்த வேகத்தில் பறந்துவிடும். உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி தெரிந்தாலும் பயப்படாதீர்கள், 100 மைக்ரோகிராம் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகப் பஞ்சுபோல் தெரிந்தால் அதில் பெரும்பகுதி டிரெகலோஸ் சர்க்கரைதான்.

பிபிஎஸ் (உப்பு கலந்த பாஸ்பேட் பஃபர்) 200 மைக்ரோலிட்டர் சேர்த்தால் மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் கிடைக்கும். குப்பியோடு வந்த தாளில் வேறு அளவோ வேறு பஃபரோ சொல்லியிருந்தால் அதன்படி போங்கள், கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சுவரோரமாக விட்டு, 20 நிமிடம் அப்படியே வைத்து, நடுவில் இரண்டு மூன்று முறை மெதுவாகச் சாய்த்தால் போதும். வோர்ட்டெக்ஸ் பக்கமே போகாதீர்கள், நுரை வந்தால் புரதம் கெடும்.

பிரித்து வைக்கும் கணக்கு இது: பிளேட்டில் பூச மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் வேண்டும், அதாவது 250 மடங்கு நீர்த்தல். ஒரு முழு பிளேட்டுக்கு 10 மில்லிலிட்டர், அதற்கு 40 மைக்ரோலிட்டர் ஸ்டாக். ஆகவே 45 மைக்ரோலிட்டராக நான்கு டியூபில் பிரித்து மைனஸ் 80-ல் வைத்துவிடுகிறேன், டியூபுக்கு ஒரு பிளேட், மீண்டும் உறைய வைக்கும் பேச்சே இல்லை. மிச்சம் வரும் கொஞ்சத்தைப் புரதங்களை எடைப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். கணக்குப்படி ஒரு சங்கிலி 42 கிலோடால்டன் பக்கம் வர வேண்டும், ஆனால் அதற்கு நன்றாக மேலே ஏறி, பரந்த பட்டையாகத்தான் தெரியும். பிடி-1-இல் சர்க்கரை ஒட்டும் இடங்கள் நான்கு இருப்பதால் அப்படி. தவறான பொருளை அனுப்பிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள், நான் கிட்டத்தட்டப் போனேன். டியூப் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், புரதம் ஒட்டாத லோ-பைண்ட் வகையையே வாங்குங்கள்.

வாங்கும்போதே பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்தின் ஆல்புமின் புரதம்) கலக்காத, கேரியர் (துணைக்குச் சேர்க்கும் புரதம்) இல்லாத குப்பியாகக் கேளுங்கள். கேரியர் உள்ளதில் உங்கள் புரதத்தைப் போல 50 மடங்கு பிஎஸ்ஏ இருக்கலாம், பிளாஸ்டிக்கில் அதுதான் முந்திப்போய் உட்காரும்.

பூசுவது சுலபம்: வெல்லுக்கு 100 மைக்ரோலிட்டர், 4 டிகிரியில் இரவு முழுக்க. காலையில் 0.05 சதவீத ட்வீன்-20 கலந்த பிபிஎஸ்ஸால் மூன்று முறை கழுவி, 2 சதவீத பிஎஸ்ஏ-வில் ஒரு மணி நேரம் பிளாக் (வெல்லில் காலியாக உள்ள இடங்களை மூடுவது). கடைசியில் ஸ்ட்ரெப்டாவிடின் (பயோட்டின் என்ற வைட்டமினை இறுகப் பிடிக்கும் புரதம்) வரப்போகிறது, ஆகவே பால்பவுடர் வேண்டாம், பாலில் பயோட்டின் இருக்கிறது. வாஷர் இயந்திரம் இருந்தாலும் நான் கையால் கழுவி டிஷ்யூ தாளில் தட்டுவதையே நம்புகிறேன்.

இனிமேல்தான் நான் விழுந்த இடம். முதல் தடவை பிடி-எல்1 எஃப்சி-யைப் பல செறிவுகளில் போட்டு, மனித எஃப்சி-யைப் பிடிக்கும், எச்ஆர்பி (நிறம் வரவழைக்கும் நொதி) ஒட்டிய ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கப் பார்த்தேன். டிஎம்பி (எச்ஆர்பி பட்டால் நீலமாகும் கரைசல்) ஊற்றிய ஒரு நிமிடத்தில் பிளேட் முழுக்க நீலம், பிடி-எல்1 போடாத வெல்லும் சேர்த்து. பிளாக்கிங் சரியில்லை என்று பிஎஸ்ஏ-வை மாற்றினேன், ஆறு முறை கழுவினேன், எச்ஆர்பி-யைப் பத்து மடங்கு நீர்த்தேன், இரண்டு வாரமும் ஒன்றரைக் குப்பியும் போயின. கடைசியில் பக்கத்து மேசை அக்கா பிளேட்டைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "கீழே பூசினதுக்கு என்ன டேக்?" டேக் என்றால் புரதத்தோடு ஒட்டிய வால். கீழேயும் எஃப்சி, மேலேயும் எஃப்சி. பூசிய பிடி-1-ஐயே ஆன்டிபாடி போய்ப் பிடித்துக்கொண்டிருந்தது.

சரி என்று எஃப்சி-க்குப் பதில் ஹிஸ் டேக் (ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களாலான சின்ன வால்) ஒட்டிய, ஒற்றையாக நிற்கும் பிடி-எல்1 வாங்கினேன், அந்த வாலைப் பிடிக்கும் ஆன்டி-ஹிஸ் ஆன்டிபாடி போட்டேன். இப்போது எந்த வெல்லிலும் ஒன்றுமில்லை! காரணம், ஒற்றையாக இருக்கும் மனித பிடி-1-உம் பிடி-எல்1-உம் ஒன்றையொன்று பிடிக்கும் பிடி ரொம்பத் தளர்ந்தது, கேடி (பிணைப்பின் பலத்தைச் சொல்லும் எண், பெரிதானால் தளர்வு) சுமார் 8 மைக்ரோமோலார். நாம் போடுவதோ நானோமோலார் அளவு, அதிலும் ஒட்டிய கொஞ்சத்தைக் கழுவும்போது தண்ணீரோடு விட்டுவிடுகிறோம். கரைசலில் மிதக்கும் பிடி-எல்1-உம் ஜோடியாக இருந்தால்தான், ஒரு கை விட்டாலும் மறு கை பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஆகவே இரண்டுக்கும் பொருந்தும் வழி, பயோட்டின் ஒட்டிய பிடி-எல்1 எஃப்சி. ஜோடியாகவும் இருக்கும், எச்ஆர்பி ஒட்டிய ஸ்ட்ரெப்டாவிடின் கீழே உள்ள எஃப்சி-யைச் சீண்டவும் செய்யாது. மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமில் தொடங்கி மூன்று மூன்று மடங்காக நீர்த்து, ஒரு மணி நேரம் வைத்து, கழுவி, ஸ்ட்ரெப்டாவிடின் அரை மணி நேரம், மறுபடி கழுவி, டிஎம்பி. நீலம் ஏறுவதைக் கண்ணால் பார்த்து, பத்து நிமிடத்துக்குள் கந்தக அமிலம் விட்டு நிறுத்தி, 450 நானோமீட்டரில் படியுங்கள். டிஎம்பி-யை நீங்களே கலக்க வேண்டாம், ரெடிமேடாக வருவதே போதும்.

இரண்டு கன்ட்ரோல் கட்டாயம்: பிடி-எல்1 போடாத வெல், அப்புறம் பிடி-1-க்குப் பதிலாக வெறும் மனித எஃப்சி பூசிய வெல். இந்த இரண்டாவதை முதல் நாளே போட்டிருந்தால் எனக்கு அந்த இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

பிற்சேர்க்கை 1: பயோட்டினை நாமே ஒட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒட்டலாம், ஆனால் என்எச்எஸ் வகை (புரதத்தின் அமீனில் போய் ஒட்டும் பயோட்டின்) என்றால் டிரிஸ் பஃபர் கூடாது. டிரிஸ்ஸில் உள்ள அமீனே பயோட்டினைத் தின்றுவிடும். முதலில் பிபிஎஸ்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 2: இதே முறையில் செய்தும் நிறமே வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்ததில், அவருடைய பிளாக்கிங் கரைசலில் கெடாமல் இருக்க சோடியம் அசைடு போட்டு வைத்திருந்தது தெரிந்தது. ஸ்ட்ரெப்டாவிடினையும் அதிலேயே நீர்த்திருக்கிறார். அசைடு எச்ஆர்பி-யை முடக்கிவிடும். புதிதாகக் கலக்கிய அன்றே நிறம் வந்துவிட்டதாம்.