சீரியல் பேசவில்லையா? புரோகிராமில் கை வைக்காதீர்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பிள்ளைகள் செய்கிற மைக்ரோகன்ட்ரோலர் (சென்சரையும் மோட்டரையும் ஆளும் சின்னக் கணினிச் சிப்) வேலைகள் பெரும்பாலும் தண்ணீரைச் சுற்றித்தான். கிணற்று நீர்மட்டம், வாய்க்கால் ஓட்டம், மண் ஈரம், வீட்டில் இருந்தபடி வயல் மோட்டரைப் போடுவது. எதைச் செய்தாலும் எங்கோ ஓரிடத்தில் இரண்டு சாதனங்கள் சீரியலில், அதாவது ஒரு வயரில் தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் முறையில், பேசியாக வேண்டும். பேசாவிட்டால் உடனே புரோகிராமை மாற்றி மாற்றி ஏற்றத் தொடங்குவார்கள். முதல் தவறு அதுதான். வயரும் வோல்ற்றேஜும் சரியென்று உறுதியாகுமட்டும் புரோகிராமில் எதைத் திருத்தினாலும் குழப்பம் கூடுமே தவிரக் குறையாது.

முதலில் கணினியின் யூஎஸ்பியைச் சீரியலாக்கும் யூஎஸ்பி-ரிரிஎல் மாற்றியைத் தனியே எடுத்து, அதன் ரிஎக்ஸையும் (அனுப்பும் பின்) ஆர்எக்ஸையும் (வாங்கும் பின்) ஒரு சின்ன வயரால் இணையுங்கள். கணினியின் சீரியல் மொனிற்றரில் (சீரியலில் வருவதைக் காட்டும் ஜன்னல்) தட்டியது அப்படியே திரும்பி வந்தால் கணினி, கேபிள், டிரைவர் மூன்றும் சரி. வராவிட்டால் மொடியூலை (நீங்கள் இணைக்கும் ஜிபிஎஸ், புளூடூத் போன்ற சின்னப் போர்டு) குற்றம் சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

பிறகு, ஒன்றுமே வரவில்லையா, குப்பை எழுத்து வருகிறதா என்று பிரித்துப் பாருங்கள். குப்பை வந்தால் பாதி நிம்மதி, ஏனென்றால் வயர் வேலை செய்கிறது. அனேகமாக இரு பக்கத்து பாட் ரேட்டும் (நொடிக்கு எத்தனை பிட் என்ற வேகம்) பொருந்தவில்லை. நியோ-6எம் ஜிபிஎஸ் 9600இல் பேசும். எச்சி-05 புளூடூத், அமைப்புகளை மாற்றும் ஏரி கட்டளை நிலையில் 38400 கேட்கும். ஈஎஸ்பி8266 வைஃபை சிப் எழும்பும்போது 74880இல் ஏதோ சொல்லிவிட்டுத்தான் உங்கள் வேகத்துக்கு வரும். அந்த முதல் வரிக் குப்பையைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கிறிஸ்ரல் (துல்லியமாக நேரம் தரும் பாகம்) போடாமல், அர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் ஏரிமெகா328 சிப்பின் உள் கடிகாரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு வேறொரு தலையிடி. சீரியலுக்குச் சுமார் 2 சதவீதப் பிழைதான் தாங்கும். அந்தக் கடிகாரமோ தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 10 சதவீதம் வரை விலகியிருக்கலாம். வெப்பமும் அதை அசைக்கும். காலையில் ஒழுங்காக வந்த வாசிப்பு மத்தியான வெயிலில் பெட்டிக்குள் குழம்புகிறதென்றால் அங்கே பாருங்கள்.

ஒன்றுமே வராவிட்டால் முதலில் கிரவுண்டைப் (மின்சுற்றின் பொதுப் பூச்சிய வயர்) பாருங்கள். அர்டுயினோ மடிக்கணினியிலும் மொடியூல் பற்றரியிலும் ஓடும்போது இரண்டின் கிரவுண்டையும் சேர்க்காமல் விடுவது சாதாரணமாக நடக்கிறது. அடுத்தது ரிஎக்ஸ் மறுபக்கத்து ஆர்எக்ஸுக்குத்தான் போகவேண்டும் என்பது. ஊனோவில் 0, 1 பின்கள் யூஎஸ்பியோடும் இணைந்தவை. அவற்றில் மொடியூலை மாட்டிவிட்டுப் புரோகிராம் ஏற்றினால் ஏறாது, கழற்றிவிட்டு ஏற்றுங்கள்.

வோல்ற்றேஜில்தான் காசு போகிறது. ஊனோவின் ரிஎக்ஸ் 5 வோல்ற், ஈஎஸ்பி32 வைஃபை போர்டின் பின் 3.3 வோல்ற்றுக்கானது. இடையில் 1 கிலோ ஓமும் 2 கிலோ ஓமும் கொண்ட, வோல்ற்றேஜைக் குறைக்கும் தடையிப் பிரிப்பான் போட்டால் போதும். ஒரு சில ரூபாய்த் தடையிக்குச் சோம்பல்பட்டு, கொழும்பிலிருந்து பார்சலில் வந்த போர்டைக் கருக்காதீர்கள்.

சிம் போட்டு எஸ்எம்எஸ் அனுப்பும் சிம்800எல் மொடியூலின் கதை தனி. அதற்கு 3.4 முதல் 4.4 வோல்ற் வேண்டும், அனுப்பும் கணத்தில் 2 அம்பியர் வரை இழுக்கும். ஊனோவின் 5 வோல்ற் பின்னில் கொடுத்தால் வோல்ற்றேஜும் கூட, கரண்டும் காணாது. ரவுணில் மேசையில் நன்றாக ஓடியது வயலுக்குக் கொண்டுபோனதும் அடிக்கடி ரீசெற் ஆகும். காரணம், ரவர் தூரமானால் மொடியூல் முழு வலுவில் அனுப்பும். அப்போது வோல்ற்றேஜ் சட்டென்று விழுகிறது. பார்ப்பவருக்கு சீரியல் அறுந்தது போலத் தெரியும். ஒரு லிதியம் செல், மொடியூலுக்குப் பக்கத்திலேயே 1000 மைக்ரோபரட் கொள்ளளவி, தடித்த குட்டை வயர். இவ்வளவும் செய்துவிட்டுப் பிறகு பேசுவோம்.

இவையெல்லாம் சரியென்றால்தான் புரோகிராம். அங்கே முதல் எதிரி டிலே, அதாவது புரோகிராமை நிறுத்திக் காத்திருக்க வைக்கும் கட்டளை. 9600இல் நொடிக்கு 960 எழுத்து வரும். வந்த எழுத்துகளை வாசிக்கும்வரை வைத்திருக்கும் ஊனோவின் வாங்கும் பஃபர் 64 எழுத்துத்தான். அது நிரம்ப 70 மில்லிநொடிகூட வேண்டாம். நீங்கள் ஒரு நொடி டிலே போட்டுக் காத்திருந்தால் டொலர் குறியில் தொடங்கும் ஜிபிஎஸ் வரி நடுவில் அறுந்து அடுத்த வரியோடு ஒட்டி வரும். ஓடிய மில்லிநொடியைச் சொல்லும் மில்லிஸ் வைத்து நேரம் பாருங்கள், வந்ததை வந்தவுடன் வாசியுங்கள். வேறு பின்களைப் புரோகிராமாலேயே சீரியலாக்கும் சொஃப்ட்வேர் சீரியலை 115200இல் நம்பவும் வேண்டாம். அது இரண்டு போர்ட்டை ஒரே நேரத்தில் கேட்கவும் மாட்டாது.

கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வெறும் ரிரிஎல் வயர் இழுப்பது இன்னொரு ஆசை. மோட்டர் ஸ்ராட் ஆகும்போதெல்லாம் எழுத்துச் சிதறும். அந்தத் தூரத்துக்கு இரண்டு வயரின் வோல்ற்றேஜ் வித்தியாசத்தில் பேசும் ஆர்எஸ்485 போடுங்கள். குறைந்த வேகத்தில் 1200 மீற்றர் வரை போகும். முறுக்கிய சோடி வயர், இரு முனையிலும் மட்டும் 120 ஓம் தடையி. அந்த இரு வயரின் ஏ, பி என்ற பெயர்கள் கம்பனிக்குக் கம்பனி தலைகீழாக இருக்கும், பதில் வராவிட்டால் மாற்றிக் கொழுவிப் பாருங்கள். கடைசி எழுத்து மட்டும் காணாமல் போனால், அனுப்பி முடியமுன்னரே மக்ஸ்485 என்ற ஆர்எஸ்485 சிப்பின், அனுப்புவதைத் திறக்கும் டிஈ பின்னை இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இறக்குமுன் சீரியல் ஃபிளஷ் (அனுப்பி முடியும்வரை காத்திருக்கும் கட்டளை) போட்டால் சரியாகும்.