கூப்பிட்டால் வராத மணி

எட்டு மாதம் ஆனதும் எங்கள் நாய் மணி, கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாய்க்கும் விடலைப் பருவம் உண்டு, ஒன்றரை வயது வரைகூட நீளும். தானாக அடங்கட்டும் என்று விட முடியாது. இலங்கை மலையகத்தில், எங்கள் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும், நாயைத் தூக்கிவிடும்.

கட்டிப்போட்டால் ஊளைதான். அப்புறம் கழுத்துப்பட்டியில் நீளக் கயிறு மாட்டி, லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மரக்கறித் தோட்டத்தில் விட்டேன். பெயர் சொல்லி, காது திரும்பியதுமே "வாடா ராசா" என்று குந்திக்கொள்வேன். வந்தால் அவித்த ஈரல் துண்டு. உடனே மறுபடி விளையாட விட்டுவிடுவேன். இதுதான் முக்கியம். கூப்பிடுவதே கட்டிப்போடத்தான் என்று பட்டுவிட்டால் எந்த நாய் வரும்?

இப்போது பகலில் அவன் பாட்டுக்குத் திரிகிறான். பொழுது சாயுமுன் கூப்பிட்டால் வந்துவிடுகிறான். அவன் கால் விரலிடுக்கில் இரத்தம் குடிக்கும் அட்டை இருக்கிறதா பார்த்து, உள்ளே படுக்க வைக்கிறேன்.