வெற்று கேசட் வாங்குவதற்கு முன்

புதிய வெற்று கேசட் வேண்டுமென்றால் மாக்செல் யூஆர், பிரான்சில் தயாராகும் ஆர்டிஎம் இரண்டையும் இணையக் கடைகளில் தேடுங்கள். இரண்டுமே டைப் 1, அதாவது சாதாரண ரக நாடா. டெக்கை (கேசட்டில் பதியும் கருவியை) ‘நார்மல்’ நிலையில் வைத்துப் பதியுங்கள். குரோம் (டைப் 2) நிலையில் பதிய, உறை பிரிக்காத பழைய டிடிகே எஸ்ஏ நல்ல தேர்வு, ஆனால் விலை கூடுதல். 60 நிமிட கேசட்டே போதும். 120 நிமிடத்தில் நாடா ரொம்ப மெல்லிசு, எளிதில் சிக்கிக்கொள்ளும்.

பழைய கேசட் என்றால், திறந்த விளிம்பில் நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பஞ்சுப் பட்டையைப் பாருங்கள். அது உதிர்ந்திருந்தால் வாங்க வேண்டாம். எதிர் விளிம்பில் பிளாஸ்டிக் காது உடைந்திருந்தால் பரவாயில்லை. அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் பதிவாகும். குரோம் கேசட்டில் பக்கத்துப் பள்ளத்தை மட்டும் மூடிவிடாதீர்கள், பல டெக்குகள் ரகத்தைக் கண்டுபிடிப்பதே அதை வைத்துத்தான்.